எச்.ஐ.வி. தடுப்பு, பராமரிப்பு ஆய்வுகளுக்குத் தொடக்க நிதி பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2024-ஆம் ஆண்டு வெளியான பர்ப்பஸ் 1 ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெனகாபவிர் ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்று ஏற்படவில்லை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த அந்த ஆய்வைத் தொடர்ந்து, 2025 ஜூன் மாதம் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்தைத் தொற்றுத் தடுப்புக்காக அனுமதித்தது. செய்திகளில் இடம்பெற்றது இந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே. யூட்டா பல்கலைக்கழகத்தில் வெஸ்லி சன்ட்க்விஸ்ட் குழுவினர் 1990-களில், லெனகாபவிர் இன்று குறிவைக்கும் வைரஸின் உள்ளுறையான கேப்சிட் எப்படி ஒன்றுசேர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அது ஒரு நாள் மருந்தாக முடியும் என்று உறுதி கூறும் நிலையில் எவரும் இல்லை. இருந்தும் அந்தக் கேள்விக்கு யாரோ பணம் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்ட கேள்விகளைக் கையில் வைத்திருக்கும் இளம் ஆய்வாளர்கள், மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள் ஆகியோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆய்வகத்தில் வைரஸின் புரதத்தை ஆராய்பவருக்கும், மருந்தகத்தில் நோயாளிகள் ஏன் திரும்பி வருவதில்லை என்று தேடுபவருக்கும் விண்ணப்பத்தின் அடிப்படை ஒன்றே. ஆனால் மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுகளில்தான் விண்ணப்பங்கள் அதிகமாகத் தடுமாறுகின்றன என்பதால், இங்கே அவற்றுக்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

முதல் படி: தொடக்க நிதி எதற்கானது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

தொடக்க நிதிக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர், தாம் செய்ய விரும்பும் பெரிய ஆய்வையே சுருக்கி எழுதுகிறார்கள். ஆயிரம் பேருக்குப் பதிலாக ஐம்பது பேர், ஐந்து ஆண்டுகளுக்குப் பதிலாக ஓராண்டு, ஆனால் கேள்வி மட்டும் அதே பெரிய கேள்வி. எச்.ஐ.வி. தடுப்பில் இது எண்ணளவிலேயே நடக்காத காரியம். ஆண்டுக்கு 100 பேரில் 2 பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்படும் ஒரு மக்கள்குழுவை எடுத்துக்கொள்வோம். பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகமான விகிதம். அங்கே 50 பேரை ஓராண்டு கவனித்தால் எதிர்பார்க்கக்கூடிய தொற்று ஒன்றே ஒன்று. அந்த ஒன்று நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும் உங்கள் தடுப்பு முறை பயன் தருகிறதா என்பது தெரியப்போவதில்லை.

எனவே தொடக்க நிதி வாங்கித் தருவது ஒரு முடிவை எடுப்பதற்கான தகவலை மட்டுமே: பெரிய ஆய்வைத் தொடங்கலாமா, மாற்றியமைக்க வேண்டுமா, கைவிட வேண்டுமா? பெரிய நிதி கேட்டுச் செல்லும்போது மதிப்பாய்வாளர் எழுப்பப்போகும் ஐயம் எது என்று யோசித்து, அந்த ஐயத்தைத் தீர்ப்பதையே தொடக்க ஆய்வின் நோக்கமாக வைக்க வேண்டும். ‘இவர்கள் மருந்தை ஏற்பார்களா?’, ‘இந்தக் கருவி வெப்பத்தில் சரியான முடிவு தருமா?’, ‘இந்தப் புரதத்தை மாற்றினால் வைரஸ் பிழைக்குமா?’ என்பவை ஓராண்டுக்குள் விடை காணக்கூடிய ஐயங்கள். ‘இந்தத் திட்டம் தொற்றைக் குறைக்குமா?’ என்பது அப்படிப்பட்டதன்று.

இரண்டாம் படி: இடைவெளி எங்கே இருக்கிறது என்று கண்டறிதல்

ஐக்கிய நாடுகள் எய்ட்ஸ் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2024-இல் உலகில் 4.08 கோடிப் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தனர், 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது, எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் 6,30,000 பேர் இறந்தனர். ஏறத்தாழ எல்லா விண்ணப்பங்களும் இந்த எண்களோடுதான் தொடங்குகின்றன. மதிப்பாய்வாளருக்கு இவை மனப்பாடம் என்பதால், இவற்றை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, நீங்கள் தொடப்போகும் இடைவெளிக்கு விரைவாக வந்துவிடுவது நல்லது.

இடைவெளி என்றால் என்ன என்பதற்கு இத்துறையின் வரலாறே சிறந்த பாடம். 2010-இல் ஐபிரெக்ஸ் ஆய்வு, 2,499 பேரிடம் நாள்தோறும் ஒரு மாத்திரை என்ற முறையைச் சோதித்து, தொற்று 44 சதவீதம் குறைவதைக் காட்டியது; 2012-இல் தொற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் இந்தத் தடுப்பு முறை, அதாவது பிரெப், அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் ஆப்பிரிக்கப் பெண்களிடம் அதே மருந்துகளைச் சோதித்த ஃபெம்-பிரெப், வாய்ஸ் ஆகிய இரு பெரிய ஆய்வுகளிலும் பயன் தெரியவில்லை. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்கள் பங்கேற்ற வாய்ஸ் ஆய்வில், மருந்தைத் தவறாமல் பயன்படுத்துவதாகப் பங்கேற்பாளர்கள் சொன்ன கணக்கு ஏறத்தாழ 90 சதவீதம். அவர்களுடைய இரத்த மாதிரிகளில் மருந்து தென்பட்டதோ 30 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. மருந்து வேலை செய்யவில்லை என்பதைவிட, மருந்து உடலுக்குள் போகவில்லை என்பதே உண்மையாக இருந்தது.

அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று இதைப் படிப்பது எளிது, தவறும்கூட. கணவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம், உடல்நலத்தோடு இருக்கும்போது எய்ட்ஸ் மருந்து எடுப்பவள் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற கூச்சம், ஆய்வுக் குழுவின் மனம் கோணக் கூடாது என்ற மரியாதை ஆகிய எல்லாமே அந்த எண்ணுக்குள் இருந்தன. இவற்றை முன்கூட்டியே கேட்டறிய ஐயாயிரம் பேர் தேவையில்லை. சில பத்துப் பேரோடு நேர்காணலும், சில மாத இரத்தப் பரிசோதனையும் போதும் என்பது என் கருத்து. நாள்தோறும் நினைவில் வைக்கத் தேவையில்லாத, பெண்ணுறுப்புக்குள் பொருத்தும் டாபிவிரின் மருந்து வளையம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் ஊசி ஆகியவற்றுக்கு அதன்பின் கிடைத்த கவனத்தில் இந்தத் தோல்விகளுக்கும் பங்குண்டு. உங்கள் துறையில் இப்படிச் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே, ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் இடையே எங்கே இடைவெளி விழுகிறது என்று தேடுங்கள்.

தேடும்போது, வெளியான ஆய்வுக் கட்டுரைகளோடு நிறுத்திவிடக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் பொதுப் பதிவேடுகளையும், நிதி அமைப்புகள் ஏற்கெனவே நிதி அளித்த திட்டங்களின் சுருக்கங்களையும் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தான் நிதி அளிக்கும் திட்டங்களின் சுருக்கங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. உங்கள் கேள்விக்கு வேறொருவர் சென்ற ஆண்டே நிதி பெற்றுவிட்டார் என்பதை மதிப்பாய்வாளர் வாயால் கேட்பது நல்ல அனுபவமன்று.

மூன்றாம் படி: எழுதுவதற்கு முன் மக்களிடம் செல்லுதல்

2004-இல் கம்போடியாவில், பாலியல் தொழிலாளர்களிடையே நடைபெறவிருந்த டெனோஃபோவிர் தடுப்பு ஆய்வு தொடங்குவதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. 2005-இல் கேமரூனில் இதே வகை ஆய்வு இடைநிறுத்தப்பட்டது. ஆய்வின்போது தொற்று ஏற்பட்டால் சிகிச்சைக்கு யார் பொறுப்பு, பக்கவிளைவு வந்தால் இழப்பீடு உண்டா, எங்களிடம் ஏன் முன்பே கேட்கவில்லை என்று மக்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஆய்வுக் குழுவினரிடம் அவர்கள் ஏற்கும்படியான விடை இல்லை. மருந்தின் அறிவியலில் பிழை இருக்கவில்லை. ஐபிரெக்ஸில் பயன் தந்த இணைமருந்தில் டெனோஃபோவிரும் ஒன்று. இந்த நிகழ்வுகளின் பின்னணியில்தான் 2007-இல் ஐக்கிய நாடுகள் எய்ட்ஸ் திட்டமும், எச்.ஐ.வி. தடுப்புக்காகக் குரல்கொடுக்கும் ஏவாக் அமைப்பும் சேர்ந்து, ஆய்வுகளில் சமூகப் பங்கேற்புக்கான நெறிமுறைகளை வெளியிட்டன.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கு இடம் வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டு டென்வரில் அறிக்கை வெளியிட்டவர்கள். வேறு எந்த நோயின் ஆய்விலும் இவ்வளவு நீண்ட மரபு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே ‘சமூக ஆலோசனைக் குழு அமைக்கப்படும்’ என்று எதிர்காலத்தில் எழுதும் வாக்கியத்துக்கு இத்துறையில் மதிப்பு குறைவு. ‘விண்ணப்பத்துக்கு முன் சந்தித்தோம், அவர்கள் சொன்னதால் இதை மாற்றினோம்’ என்ற வாக்கியத்துக்கு மதிப்பு மிக அதிகம்.

அந்தச் சந்திப்புகளில் கிடைப்பவை பெரும்பாலும் சிறிய விவரங்கள். ஆய்வைக் காப்பாற்றுபவையும் அவையே. மாத்திரைக் குப்பியைப் பையில் வைத்து நடந்தால் அது குலுங்கும் ஒலி பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிறது. அதனால் மாத்திரைகளை வேறு உறைக்கு மாற்றிவிடுகிறார்கள் அல்லது பையில் எடுத்துச் செல்வதையே நிறுத்திவிடுகிறார்கள். மூடி திறக்கப்படுவதை எண்ணும் மின்னணுக் குப்பியை அளவுகோலாக நீங்கள் வைத்திருந்தால், முதல் வாரத்திலேயே அந்த அளவீடு பொய்த்துவிடும். நினைவூட்டும் குறுஞ்செய்தி, வீட்டில் பலர் எடுத்துப் பார்க்கும் தொலைபேசிக்குத்தான் போகிறது. ‘உங்கள் மாத்திரை நேரம்’ என்ற மூன்று சொற்களே ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதும். செய்தியில் என்ன வாசகம் இருக்க வேண்டும், எந்த நேரத்தில் போக வேண்டும், யார் பெயரில் போக வேண்டும் என்பதை அதைப் பெறப்போகிறவர்களே முடிவு செய்யட்டும். இந்தச் சந்திப்புகளுக்கு வருவோரின் பயணச் செலவையும் நேரத்துக்கான ஈட்டுத்தொகையையும், நிதி வருவதற்கு முன்பாகவே, உங்கள் நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றுக் கொடுங்கள்.

நான்காம் படி: நிதி தருபவரைத் தேர்ந்தெடுத்தல்

எச்.ஐ.வி. ஆய்வுக்கு உலகில் மிகப் பெரிய நிதியாளராக நெடுங்காலம் இருந்துவருவது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம். அங்கே தொடக்க நிலை ஆய்வுகளுக்கெனத் தனி வகைகள் உண்டு: ஆர்21 வகையில் வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து 2,75,000 டாலர் வரை நேரடிச் செலவு கேட்கலாம், ஆர்03 என்பது ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கான சிறிய தொகை, மருத்துவ ஆய்வைத் திட்டமிடுவதற்கு ஆர்34 இருக்கிறது. ஆர்21-க்கு முன்தரவு, அதாவது ஏற்கெனவே செய்த சோதனைகளின் தரவு, கட்டாயமில்லை என்று விதி சொல்கிறது. நடைமுறையில் முன்தரவு இருப்பவரோடு இல்லாதவர் போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: புதிய ஆய்வாளர் என்ற சலுகைத் தகுதியை ஆர்21 பெறுவதால் இழந்துவிட மாட்டீர்கள்.

அதைவிடச் சிறிய தொகையிலிருந்து தொடங்க விரும்புவோருக்கு, 1988 முதல் இயங்கிவரும் எய்ட்ஸ் ஆராய்ச்சி மையங்கள் நல்ல வாயில். பல்கலைக்கழகங்களில் இயங்கும் இம்மையங்கள் ஒவ்வொன்றும் இளம் ஆய்வாளர்களுக்கெனச் சிறு நிதியை ஒதுக்குகின்றன. வழிகாட்டி ஒருவரையும் ஆய்வக வசதியையும் சேர்த்தே தருகின்றன. என் பார்வையில், அந்தத் தொகையைவிட அந்த வழிகாட்டிதான் மதிப்பு மிக்கவர். அமெரிக்காவுக்கு வெளியே பிரான்சின் எய்ட்ஸ் ஆய்வு அமைப்பான ஏ.என்.ஆர்.எஸ்., ஐரோப்பிய, ஆப்பிரிக்க நாடுகள் இணைந்து நடத்தும் ஈ.டி.சி.டி.பி. ஆகியவை உள்ளன. 1985-இல் தொடங்கப்பட்ட ஆம்ஃபார் அறக்கட்டளை 2008 முதல், தன் நிறுவனர்களில் ஒருவரான மதில்டி கிரிம் பெயரில் இளம் அடிப்படை ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தந்துவந்திருக்கிறது. கேட்ஸ் அறக்கட்டளை அதே 2008-இல் தொடங்கிய கிராண்ட் சேலஞ்சஸ் எக்ஸ்புளோரேஷன்ஸ் திட்டம், முன்தரவே கேட்காமல் இரண்டு பக்க விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் தந்து, சிறு நிதி பற்றிய பலருடைய எண்ணத்தை மாற்றியது.

எந்த அமைப்பாக இருந்தாலும், நடப்பு ஆண்டின் அறிவிப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும். விதிகளும் தொகைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2025-இல் அமெரிக்க அரசு நடந்துகொண்டிருந்த பல எச்.ஐ.வி. ஆய்வுகளுக்கான நிதியை நடுவிலேயே நிறுத்தியது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை நிதி வழங்கும் முறையும் மாற்றப்பட்டது. ஒரே நாட்டின், ஒரே அமைப்பின் பணத்தை மட்டும் நம்பித் திட்டமிடுவது ஆய்வாளரைவிடப் பங்கேற்பாளர்களுக்கே கூடுதல் ஆபத்து என்பது அப்போது வெட்டவெளிச்சமாயிற்று. பாதியில் நின்றால் மருந்து பெறுபவர்களை எங்கே அனுப்புவது என்பதற்கு இப்போதே ஒரு பத்தி எழுதி வையுங்கள்.

விண்ணப்பிக்கும் முன், அந்த அமைப்பின் திட்ட அலுவலருக்குப் பத்து வரியில் உங்கள் எண்ணத்தை அனுப்பி, இது தங்கள் வரம்புக்குள் வருகிறதா என்று கேளுங்கள். பலர் கூச்சத்தால் இதைச் செய்வதில்லை. அலுவலரின் வேலையே அதுதான்.

ஐந்தாம் படி: நோக்கங்களை ஒரே பக்கத்தில் எழுதுதல்

மதிப்பாய்வுக் குழுவில் உங்கள் விண்ணப்பத்தை முழுமையாகப் படிப்பவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர்தான். மற்றவர்கள் நோக்கங்கள் எழுதப்பட்ட ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு மதிப்பெண் இடுகிறார்கள். ஆகவே மொத்த உழைப்பில் பெரும்பகுதி அந்த ஒரு பக்கத்துக்கே போனாலும் அது வீணன்று.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ‘இளைஞர்களிடையே பிரெப் பயன்பாட்டை மேம்படுத்துவதே இந்த ஆய்வின் நோக்கம்’ என்று ஒருவர் எழுதுகிறார். இதை எவரும் மறுக்க முடியாது. அதனாலேயே இது நோக்கமாகாது. இதையே இப்படித் திருத்தலாம்: ‘எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த அன்றைக்கே பிரெப் தொடங்கும் 18 முதல் 24 வயது வரையிலான 60 பேரில், எத்தனை பேர் மூன்றாம் மாதம் மருந்து பெறத் திரும்பி வருகிறார்கள் என்பதையும், அப்படி வருபவர்களின் இரத்தத்தில் பாதுகாப்புத் தரும் அளவு மருந்து இருக்கிறதா என்பதையும் அளவிடுவோம்; 70 சதவீதத்தினராவது திரும்பி வந்தால் இரு மையங்களில் ஒப்பீட்டு ஆய்வுக்குச் செல்வோம், 50 சதவீதத்துக்குக் குறைந்தால் இம்முறையைக் கைவிடுவோம், இடைப்பட்டால் நேர்காணல்களின் அடிப்படையில் மாற்றியமைப்போம்.’ வாக்கியம் நீளம்தான். ஆனால் யார், எத்தனை பேர், என்ன அளவீடு, எப்போது, அதன்பின் என்ன முடிவு என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்கிறது. முக்கியமாக, கைவிடும் எல்லையையும் ஆய்வாளரே அறிவிக்கிறார். தன் எண்ணம் தோற்கக்கூடும் என்பதை எண்ணால் ஒப்புக்கொள்ளும் விண்ணப்பத்தை மதிப்பாய்வாளர்கள் நம்புகிறார்கள்.

நோக்கங்கள் இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. முதல் நோக்கம் தோற்றால் இரண்டாவதும் தானாகவே விழுந்துவிடும்படி அமைக்கக் கூடாது. ஆய்வகப் பணிகளில் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது: முதல் நோக்கத்தில் ஒரு மூலக்கூறைக் கண்டுபிடிப்பதாகவும், இரண்டாவதில் அந்த மூலக்கூறை, வைரஸ் மறைந்திருக்கும் சி.டி.4 நோயெதிர்ப்புச் செல்களில் சோதிப்பதாகவும் எழுதிவிடுகிறார்கள். மூலக்கூறு கிடைக்காவிட்டால் இரண்டாம் ஆண்டுப் பணம் எதற்கு என்ற கேள்வி வரும். ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு மூலக்கூறைக் கொண்டு சோதனை முறையைச் செம்மைப்படுத்துவதை இரண்டாவதாக வைத்தால், முதலாவது எப்படிப் போனாலும் பயனுள்ள ஒன்று மிஞ்சும்.

‘முழுக் குணம்’ என்ற சொல்லைத் தேவையின்றி எடுக்காதீர்கள். எச்.ஐ.வி.யிலிருந்து முதன்முதலில் குணமான டிமதி ரே பிரவுன் உள்ளிட்டுக் குணமானவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பெரும்பாலும் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்ட தண்டுசெல் மாற்றச் சிகிச்சையால் குணமானவர்கள். இரண்டாண்டு ஆய்வு அந்த வாக்குறுதியைச் சுமக்காது.

ஆறாம் படி: எண்ணிக்கையும் அளவீடும்

‘இது முன்னோட்ட ஆய்வு, எனவே எண்ணிக்கைக் கணக்கு தேவையில்லை’ என்று எழுதுவோர் உண்டு. தேவை, வேறு வகைக் கணக்கு தேவை. மேலே சொன்ன ஆய்வில் 60 பேரில் 48 பேர் திரும்பி வந்தால் விகிதம் 80 சதவீதம். அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, சுமார் 70 முதல் 90 வரை. கீழ் எல்லையே 70-ஐத் தொடுவதால் முடிவெடுக்க முடிகிறது. 30 பேரில் 24 பேர் வந்தாலும் அதே 80 சதவீதம்தான், ஆனால் இடைவெளி சுமார் 66 முதல் 94 வரை விரிந்துவிடுகிறது. உங்கள் 70 சதவீத எல்லை அதற்குள் மாட்டிக்கொள்கிறது. 60 என்ற எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு இதுவே விளக்கம். கடுமையான பக்கவிளைவு 60 பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால், உண்மை விகிதம் 5 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல் எல்லை கிடைக்கும். ‘பாதுகாப்பானது என்று நிறுவப்பட்டது’ என்ற தொடரை இந்தக் கணக்கு தடுத்துவிடும்.

சிறிய ஆய்வில் கிடைக்கும் பயன் விகிதத்தை வைத்துப் பெரிய ஆய்வின் அளவைக் கணக்கிடுவதும் தவறு. சிறு எண்ணிக்கையில் அந்த விகிதம் தற்செயலாகவே எங்கும் தாவக்கூடியது. திரும்பி வரும் வீதம், ஒப்புக்கொள்ளும் வீதம், விடுபடும் தரவின் அளவு ஆகியவற்றையே அடுத்த ஆய்வுக்கு எடுத்துச் செல்லலாம்.

அளவீட்டில், வாய்மொழிக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதை வாய்ஸ் ஆய்வு கற்றுத் தந்துவிட்டது. விரல் நுனியில் எடுத்த இரத்தத்துளியைத் தாளில் உலர்த்தி, அதில் டெனோஃபோவிர் டைபாஸ்பேட் (டெனோஃபோவிர் உடலுக்குள் மாறும் வடிவம்) அளவைப் பார்க்கும் முறை தொடக்க ஆய்வுகளுக்கு ஏற்றது. சிவப்பணுக்களில் அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 17 நாள்கள் என்பதால், பரிசோதனைக்கு வருவதற்கு முந்தைய நாள் மட்டும் அவசரமாக மாத்திரை விழுங்குபவரின் கணக்கு அதில் உயர்ந்துவிடாது. கடந்த பல வாரங்களின் பழக்கமே தெரியும். சிகிச்சை தொடர்பான ஆய்வாக இருந்தால் வைரஸ் அளவே முதன்மை அளவீடு. மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 200 வைரஸ் நகல்களுக்குக் கீழா, உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடும் 1,000 நகல்களுக்குக் கீழா, எந்த எல்லையை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை முன்பே எழுதிவிடுங்கள். தரவு வந்த பிறகு எல்லையைத் தேர்ந்தெடுத்தால் நம்பகத்தன்மை போய்விடும்.

ஏழாம் படி: காலமும் செலவும்

பன்னிரண்டு மாத நிதியில் பன்னிரண்டு மாத ஆய்வு செய்ய முடியாது. அறநெறிக் குழுவின் அனுமதி, பணியாளர் நியமனம், படிவங்களின் மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு மூன்று மாதம் போய்விடும். கடைசியாகச் சேர்பவரையும் மூன்று மாதம் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பகுப்பாய்வுக்கு இரண்டு மாதம். ஆள் சேர்க்க மிஞ்சுவது நான்கே மாதம். 60 பேர் என்றால் மாதத்துக்கு 15 பேர், வாரத்துக்கு ஏறக்குறைய 4 பேர். கேட்பவர்களில் பாதிப் பேர்தான் ஒப்புக்கொள்வார்கள் என்றால், தகுதியுள்ள 8 பேராவது வாரந்தோறும் அந்த மருந்தகத்துக்கு வர வேண்டும். வருகிறார்களா? சென்ற ஆண்டின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வயதும் பரிசோதனை முடிவும் பொருந்துகிறவர்களை எண்ணி, அந்த எண்ணை விண்ணப்பத்தில் எழுதுங்கள். பதிவேட்டைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது மையம் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அல்லது எண்ணிக்கையைக் குறைத்து இடைவெளிக் கணக்கைத் திருத்துகிறார்கள்.

செலவுப் பட்டியலில் விடுபடுபவை வழக்கமானவையே: மாதிரிகளை உறைநிலையில் அனுப்பும் கட்டணம், தரவு மேலாளரின் பகுதிநேரச் சம்பளம், பங்கேற்பாளரின் பயணப்படி, சமூகக் குழுவின் மதிப்பூதியம், கூடுதல் பரிசோதனைக் கருவிகள், நிறுவனத்தின் பொதுச் செலவுக்கான மறைமுகச் செலவு விகிதம். முதன்மை ஆய்வாளர் தன் நேரத்துக்குப் பணமே கேட்காமல் விடுவதைத் தியாகமாக எவரும் கருதுவதில்லை. அவருக்கு இந்த வேலைக்கு நேரமில்லை என்றே கருதுவார்கள்.

எட்டாம் படி: அறநெறி

தடுப்பு ஆய்வில் பங்கேற்கும் ஒருவருக்கு இடையில் தொற்று உறுதியானால், எந்த நாளில், எந்த மையத்தில், யார் வழியாகச் சிகிச்சை தொடங்கும் என்பது பெயர் குறித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘உரிய மையத்துக்குப் பரிந்துரைக்கப்படுவார்’ என்ற வரி கம்போடியாவில் எழுந்த கேள்விக்கு விடையாகாது. அடுத்து, தரவு. பாலுறவு, போதை ஊசி, தொற்று நிலை ஆகியவை சட்டப்படி குற்றமாக்கப்பட்ட நாடுகளில், பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் ஒரு பட்டியல் பங்கேற்பாளரைச் சிறைக்கே அனுப்பக்கூடும். அடையாளத்தையும் விடைகளையும் தனித்தனி இடங்களில் வைத்து, இணைக்கும் பட்டியலை யார் வைத்திருப்பார், எப்போது அழிப்பார் என்று சொல்லுங்கள். தேவைப்படாத விவரத்தைக் கேட்காமலே இருப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

ஒன்பதாம் படி: மதிப்பாய்வும் மறு விண்ணப்பமும்

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மதிப்பெண் 1 முதல் 9 வரை; 1 தான் மிகச் சிறந்தது. 2025 ஜனவரி முதல் மூன்று கூறுகள் பார்க்கப்படுகின்றன: ஆய்வின் முக்கியத்துவம், செய்முறையின் கண்டிப்பும் சாத்தியமும், ஆய்வாளரின் திறனும் வசதிகளும். மூன்றாவதற்கு இப்போது தனி மதிப்பெண் இல்லை, போதுமா போதாதா என்ற முடிவு மட்டுமே. இளையவர்களுக்கு இது ஓரளவு நல்ல செய்தி.

முதல் முறையே நிதி கிடைப்பது அரிது. கருத்துரைகளைப் படித்தவுடன் பதில் எழுத உட்காராமல், ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, மதிப்பாய்வாளர்கள் இருவரும் சொன்ன குறை எது, ஒருவர் மட்டும் சொன்னது எது என்று பிரித்துப் பாருங்கள். இருவரும் சொன்னதை மாற்றியே ஆக வேண்டும். ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அப்படிப் புரிந்துகொள்ள இடம் தந்த வாக்கியம் உங்களுடையதுதான், அதைத் திருத்துங்கள். அந்நிறுவனத்தில் 37 மாதங்களுக்குள் ஒருமுறை மறு விண்ணப்பம் செய்யலாம். அதற்கென ஒரு பக்க முன்னுரையும் உண்டு. அதில் நன்றி சொல்லி இடத்தை வீணாக்காமல், எந்தக் குறைக்கு எங்கே என்ன மாற்றம் என்று நேரடியாக எழுதுங்கள்.

பத்தாம் படி: நிதி வந்த பின்

ஆய்வுத் திட்டத்தைப் பொதுப் பதிவேட்டில் பதிந்துவிட்டே முதல் பங்கேற்பாளரைச் சேர்க்க வேண்டும். பாதிப் பேர் சேர்ந்த நிலையில் அடுத்த பெரிய நிதிக்கான ஒரு பக்க நோக்கங்களை எழுதத் தொடங்குங்கள். முடிவு வந்தபின் தொடங்கினால், பணியாளர்களுக்குச் சம்பளம் இல்லாத ஓராண்டு இடைவெளி விழும். அறிவித்த எல்லையை எட்டாவிட்டால், அதை மறைக்காமல் வெளியிடுங்கள். ஃபெம்-பிரெப், வாய்ஸ் குழுவினர் தங்கள் தோல்வியை இரத்த மாதிரிக் கணக்கோடு வெளியிட்டதால்தான் அடுத்து வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள்.

முடிவுகளை முதலில் கேட்க வேண்டியவர்கள் பங்கேற்பாளர்கள். கட்டுரை அச்சேறும் வரை காத்திராமல், பகுப்பாய்வு உறுதியான உடனேயே, அவர்கள் மொழியில், ஒரே தாளில் எழுதித் தரலாம். ஆனால் அந்தத் தாளில் ஆய்வின் பெயர் இருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு மருந்தகத்திலேயே வாய்மொழியாகச் சொல்ல ஒரு மணி நேரத்தையும், அதற்கான பயணப்படியையும் செலவுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.